பவர் சீட்டில் நாலு புள்ளி

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரின்சி பதினோரு வருஷமாகக் கண் பார்த்துப் பவர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது பேராவது வருவார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பாள். சிலர், முக்கியமாக வாத்தியார்கள், முன்னால் போனவர் எழுத்துப் பலகையில் படித்ததைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அவர்களிடம் மட்டும் அவள் குரல் கறாராகும்.

"தெரிஞ்சத சொல்லாதீங்க சார். கண்ணுக்குத் தெரியறத சொல்லுங்க."

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண் பார்க்க வரவில்லை. கையில் இருந்த மஞ்சள் பையிலிருந்து கறுப்பாக ஒரு பைனாகுலரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத தொடச்சித் தர முடியுமாம்மா?"

பெயர் தெய்வசிகாமணி. மின்வாரியத்தில் வயர்மேன். கழுவெளி ஏரிக்கரையோரம் ஒரு கிராமத்தில் வீடு. லீவு நாளில் ஏரியில் பறவை எண்ணுகிறவர்களோடு சேர்ந்துகொள்வாராம். டிசம்பர் முதல் வாரம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்திருக்கிறது. அவரோ விழுந்த கம்பங்களை நிமிர்த்த ஊர் ஊராகப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், வில்லையின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

"பாண்டிச்சேரில ஒருத்தர கேட்டேன். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குன்னுட்டாரு. பதினாலு வருஷமா கூட வெச்சிக்கினு இருக்கேம்மா. மனசு வரல."

பிரின்சி பைனாகுலரைக் கையில் தொட்டதே இல்லை. ஆனாலும் வில்லை வில்லைதானே என்று தோன்றியது. "வெச்சிட்டுப் போங்க சார். சனிக்கெழம வாங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் வேலையைத் தொடங்கினாள். முன்பக்க வளையத்தைக் கழற்றி, பெரிய வில்லைகள் இரண்டையும் எடுத்து, கரைசலில் நனைத்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்லத் துடைத்தாள். பூஞ்சை போயிற்று. திருப்பி மாட்டினாள். இனிச் சோதித்துப் பார்க்க வேண்டும். கடைக்குள் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தால் வெறும் பனிமூட்டம். அவ்வளவு கிட்டத்தில் இருப்பதை அது காட்டாது போலிருக்கிறது. தூரமாக எதையாவது பார்க்கலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினாள்.

மணி ஆறே முக்கால் ஆகியிருந்தது. மேம்பாலத்து விளக்குகள் புகையில் கலங்கிக் கிடந்தன. தூரத்து விளம்பரப் பலகை எதிலும் வெளிச்சம் சரியில்லை. அண்ணாந்து பார்த்தாள். கிழக்கே, பாதி வானத்துக்கும் மேலே, பளிச்சென்று ஒரு நட்சத்திரம். அதன் பக்கத்தில் சற்று மங்கலாக, செம்மஞ்சளாக இன்னொன்று.

அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை. புள்ளியைப் புள்ளியாகக் காட்டுவதுதான் நல்ல வில்லைக்கு அழகு. வானத்தைவிட நல்ல புள்ளி வேறு எங்கே கிடைக்கும்?

முதலில் செம்மஞ்சளைப் பிடித்தாள். பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கண்ணாடிக்குள் வானம் கிடந்து ஆடியது. மாடிப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கை இரண்டையும் விலாவில் இறுக்கிக்கொண்டபோதுதான் ஆட்டம் அடங்கியது. நடுச் சக்கரத்தைத் திருகினாள். பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது சுருங்கிச் சுருங்கி, ஊசி முனையாகி நின்றது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், அதைச் சுற்றி இன்னும் பத்துப் பன்னிரண்டு ஊசி முனைகள்.

"ஐயோ" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

பிறகு பளிச்சென்ற பெரிய நட்சத்திரத்துக்கு நகர்ந்தாள். அங்கேதான் அவளுக்குத் திக்கென்றது. அது புள்ளியாக இல்லை. குட்டியாக, உருண்டையாக, பால் வெள்ளையில் ஒரு வட்டம். அதை ஒட்டி இடப்பக்கம் இரண்டு துளி வெளிச்சம், வலப்பக்கம் ஒன்று. மூன்றும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில்.

'சரியா மாட்டல. உள்ள எதிரொளிக்குது' என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இந்த மாதிரி பேய் வெளிச்சத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்கவும் அவளுக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பைனாகுலரைக் கடிகார முள் மாதிரி மெல்லத் திருப்பினாள். குறை வில்லையில் இருந்தால் அந்தத் துளிகளும் கூடவே சுற்ற வேண்டும்.

சுற்றவில்லை.

மறு கண்ணால், மறு குழாய் வழியாகப் பார்த்தாள். அதே மூன்று துளி, அதே கோடு. மேற்கே இதைவிடப் பிரகாசமாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வில்லையில் பிழை இருந்தால் அதற்கும் துளிகள் ஒட்டியிருக்க வேண்டுமே என்று அதைப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

பிரின்சி கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றாள். கீழே செஞ்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வில்லையில் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்றும் மேலே, வானத்தில்தான் இருக்கின்றன.

வேலைக் கோட்டின் பையில் இருந்த பவர் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று புள்ளி வைத்தாள். தேதி எழுதினாள். பைனாகுலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினாள்.

பிரம்மதேசத்தில் அவர்கள் வீடு. கணவன் ஸ்டீபன்ராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். விடிகாலை ஐந்துக்கு எழுந்திருப்பவன், ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிடுவான். மனசில் எதையும் வைத்திருக்கத் தெரியாதவன். பிறந்தநாளுக்கு வாங்கிய புடவையைக்கூட முந்தின நாளே எடுத்துக் காட்டிவிடுவான். மறுநாள், புதன்கிழமை இரவு, பிரின்சி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் பாயோடு மாடிக்குப் போனதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து பின்னாலேயே வந்தான்.

"என்னா பண்ணிக்கினு இருக்க இங்க?"

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். அந்த நேரத்துக்குப் பெரிய நட்சத்திரம் உச்சி வானத்துக்கு வந்துவிட்டிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் கழுத்துப் பிடித்துக்கொண்டது. படுத்துப் பார்த்தால் முழங்கை தரையில் ஊன்றி, கை ஆடவே இல்லை.

"நேத்து மூணு இருந்துச்சிங்க" என்றாள் அவள், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே. "இன்னிக்கி நாலு."

"எது நாலு?"

"புள்ளி. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இடம் மாறிக் கிடக்குது."

ஸ்டீபன்ராஜ் வானத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அது என்னான்னு ஃபோன்ல போட்டா ஒரு நிமிஷத்துல வந்துரும். எடுக்கட்டா?"

"வேணாம்" என்றாள் அவசரமாக. "வேணாங்க. நானே பார்த்துச் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பதினோரு வருஷமாக யார் யாரையோ உட்கார வைத்து, தெரிவதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். அவளை யாரும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. சீட்டில் இரண்டாவது வட்டம் போட்டு நாலு புள்ளி வைத்தாள். வரைவதற்குப் போட்ட செல்போன் வெளிச்சம் கண்ணைக் குருடாக்கியது. இருட்டுக்குத் திரும்பப் பழகக் கால் மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு, கண் கூசாமல் இருக்கச் சிவப்புச் சாக்லேட் தாள் ஒன்றைப் போன் விளக்கின் மேல் ஒட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மேகம். பிரின்சி மூன்று தடவை மாடிக்குப் போய் மூன்று தடவையும் இறங்கி வந்தாள். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

வெள்ளிக்கிழமை வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. ஏழேமுக்காலுக்கு அவள் பார்த்தபோது மூன்று புள்ளிதான். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பருமனாக இருந்தது. சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தாள். கூர்மை சரியாகத்தான் இருந்தது. சீட்டில் வரைந்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்சம் இளைப்பாறினாள். எட்டேகாலுக்குப் பார்த்தாள். பருமன் நீண்டிருந்தது, அரிசி மணி மாதிரி. எட்டேமுக்காலுக்குப் பார்த்தபோது அரிசியின் நடுவில் ஒரு கோடு விழுந்தாற்போல் இருந்தது. நெஞ்சு படபடக்கிற ஆட்டம் கண்ணாடியில் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒன்பதரைக்கு, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் மயிரிழை அளவு கறுப்பு வானம் தெரிந்தது.

அவள் கண் முன்னாலேயே அது நடந்திருந்தது. யாரும் சொல்லாமல், யாரும் காட்டாமல், இந்த மொட்டை மாடியில் பாயில் படுத்திருக்கிற அவளுக்கு முன்னால் அத்தனை தூரத்தில் ஏதோ ஒன்று ஏதோ ஒன்றைத் தாண்டிப் போயிருந்தது. உடம்பின் கீழே தரை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"என்னாங்க!" என்று கத்தினாள்.

படுத்திருந்த ஸ்டீபன்ராஜ் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "என்னா, பூரான் கீரான் கடிச்சிடுச்சா?"

"அது நிலாங்க."

"எது?"

"அந்தப் புள்ளிங்க. நாலும் நிலா. அதச் சுத்திக்கினு இருக்குது. சுத்தறத பக்கவாட்டுல நின்னு பார்க்கறோம், அதனாலதான் கோடு மாதிரி தெரியுது. ஒண்ணு பின்னால போச்சின்னா மூணு தெரியும், வெளிய வந்தா நாலு. நமக்கு ஒரு நிலா. அதுக்கு நாலு நிலாங்க!"

ஸ்டீபன்ராஜ் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். இருட்டில் அவன் சிரிப்பது தெரிந்தது.

"அது பேரு வியாழன். ஜூபிடர். புதன்கெழம ராத்திரியே ஃபோன்ல பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு சொல்லலியா?"

"நீயே சொல்றேன்னியே. ரெண்டு நாளா வாயக் கட்டிக்கினு இருக்க எம்மாம் பேஜாராப் போச்சி தெரியுமா? இன்னிக்கி காலைல வேன்ல ஒரு பொண்ணுகிட்ட சொல்லிடப் பார்த்தேன்."

பிரின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இந்தாங்க, பாருங்க" என்று கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, அவனைப் படுக்க வைத்து, முழங்கையை ஊன்ற வைத்தாள். அவன் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தான். "படத்துல பார்த்தப்ப இப்படி இல்ல" என்றான் கடைசியில், மெதுவாக. "இது நெசமா அங்க இருக்குது."

சனிக்கிழமை இருட்டிய பிறகு தெய்வசிகாமணி வந்தார். வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பிரின்சி அவரைச் சும்மா அனுப்பவில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் மேல வாங்கண்ணா" என்று கூட்டிப் போனாள். சார் எப்போது அண்ணா ஆனார் என்பது அவளுக்கே தெரியாது.

அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அவள் காட்டிய பெரிய நட்சத்திரத்தைப் பார்த்தார். "ஆமா, ஏதோ இருக்குது. எனக்குச் சரியா புரியல. எனக்கு எப்பவுமே இதுல லேசா பனி அடிச்ச மாதிரிதாம்மா தெரியும். வில்லை பழசு, அப்படித்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

"எப்பவுமேவா? வாங்கினதுல இருந்தா?"

"ஆமா."

பிரின்சி கண்ணாடியை வாங்கி, வலது கண் வைக்கிற குழாயின் கழுத்தில் இருந்த வளையத்தைத் தடவிப் பார்த்தாள். கழற்றி மாட்டியபோதே அதைக் கவனித்திருந்தாள். கோடு போட்டு, கூட்டல் குறி, கழித்தல் குறி எல்லாம் இருந்தது. பதினாலு வருஷத்தில் யாரும் அதைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

"வலது கண்ண மூடுங்க. நடுச் சக்கரத்த திருப்பி, இடது கண்ணுக்குத் தெளிவு பண்ணுங்க. ஆச்சா? இப்ப அத தொடாதீங்க. இடது கண்ண மூடிக்கினு இந்த வளையத்த மட்டும் நான் திருப்பறேன். இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"மொத இருந்தது... இல்ல இல்ல, இது. இன்னும் கொஞ்சம். அங்கதான்!"

"இப்ப ரெண்டு கண்ணையும் தொறங்க."

தெய்வசிகாமணி திறந்து பார்த்தார்.

"ஏம்மா," என்றார் கண்ணாடியை இறக்காமல், "அப்ப இத்தினி வருஷமா நான் ஒரு கண்ணாலதான் பார்த்துக்கினு இருந்தேனா?"

"உங்க ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற வேறண்ணா. அவ்ளோதான்."

அவர் நெடுநேரம் பார்த்தார். நாலையும் எண்ணினார். எண்ணுவது பழகிய மனிதர். விரல்விட்டு எண்ணவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒன்று சொன்னார்.

"புயல் அடிச்சி கரண்ட் இல்லாம கெடந்துச்சே, அப்ப ஒரு வாரம் எங்க பக்கம் பூரா கும்மிருட்டு. மேகம் வெலகினதும் வானத்துல நட்சத்திரம் கொட்டிக் கெடந்துச்சி. நான் கம்பத்து மேல. கீழ ஊரே நின்னுக்கினு, ஜல்தி லைட்டக் குடு, லைட்டக் குடுன்னு என்னைத் திட்டுது. பாதி வேலைல நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததுக்கே தப்பு பண்ண மாதிரி இருந்துச்சி." கண்ணாடியை மஞ்சள் பைக்குள் வைத்தார். "நாளைக்கி சாயந்திரம் ரெண்டு பேரும் எங்க ஊருக்கு வாங்க. ஏரிக்கரைல வெளக்கே கெடையாது. இங்க பார்க்கறது ஒண்ணுமே இல்ல."

அந்த ஞாயிறு குடியரசு தினம். காலையில் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு ஸ்டீபன்ராஜ் மத்தியானம் தூங்கி எழுந்தான். மாதா கோயில் பூசைக்குக் காலையிலேயே போய்விட்டு வந்திருந்த பிரின்சி, வேர்க்கடலையை அவித்து, அந்த மல்லாட்டையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள். இருட்டுகிற நேரத்துக்குப் பைக்கில் போய்ச் சேர்ந்தார்கள்.

கரையை ஒட்டிய கட்டாந்தரையில் தெய்வசிகாமணி தார்ப்பாயை விரித்து வைத்திருந்தார். எதிரே ஏரி பரந்து, கடல் மாதிரி எல்லை தெரியாமல் கிடந்தது. தண்ணீரில் எங்கேயோ வாத்துகள் முணுமுணுத்தன. மூவரும் வரிசையாகப் படுத்தார்கள். வேண்டுமென்றே அரை மணி நேரம் யாரும் கண்ணாடியைத் தொடவில்லை. பிரின்சியின் உத்தரவு அது. கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஒவ்வொன்றாகவும் பத்துப் பத்தாகவும் நட்சத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் அவளுக்கு, தான் படுத்துக்கொண்டு மேலே பார்க்கவில்லை, எதன்மேலோ ஒட்டிக்கொண்டு கீழே பார்க்கிறோம் என்று தோன்றிவிட்டது. ஸ்டீபன்ராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றான் அவன், அவள் ஒன்றுமே சொல்லாமல்.

வியாழனுக்கு மேற்கே சின்னக் கொத்தாக இருந்த நட்சத்திரங்களை முதலில் பார்த்தார்கள். "இது கார்த்திகைம்மா, ஆறு மீனு" என்றார் தெய்வசிகாமணி. பிரின்சி கண்ணாடியை வைத்து எண்ணத் தொடங்கி, முப்பத்திரண்டோடு விட்டுவிட்டாள். நீலம் கலந்த வெள்ளையில், கறுப்புத் துணியில் கண்ணாடித் தூளைச் சிதறவிட்டாற்போல் இருந்தது. தெய்வசிகாமணி அவளிடமிருந்து வாங்கி எண்ணினார். நாற்பத்தொன்று என்றார். ஸ்டீபன்ராஜ் தனக்கு எண்ண வராது, சும்மா பார்க்கிறேன் என்றான்.

பிறகு கிழக்கே, வரிசையாக நின்ற மூன்று நட்சத்திரங்களின் பக்கம் பிரின்சி கண்ணாடியைத் திருப்பினாள். அவற்றுக்குக் கீழே தொங்குகிறாற்போல் மங்கலாக இன்னும் சில. அங்கே நிறுத்தினாள். நடுவில் இருந்தது தெளிவாக இல்லை. கூர்மை கலைந்துவிட்டது என்று சக்கரத்தைத் திருகினாள். சுற்றியிருந்தவை பஞ்சாகி, மறுபடி ஊசி முனையாயின. நடுவில் இருந்தது மட்டும் மாறவில்லை. இன்னொரு முறை திருகினாள். வலது வளையத்தையும் திருப்பினாள். சேலைத் தலைப்பால் வில்லையைத் துடைத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அப்போதும் அது அப்படியே இருந்தது. பனிக்காலத்தில் வாயிலிருந்து வருகிற மூச்சு மாதிரி, லேசான, சாம்பல் பச்சையான ஒரு புகை. அதற்குள்ளே இரண்டு மூன்று பொட்டு வெளிச்சம்.

மங்கலைக் கண்டால் நீக்குவதுதான் அவள் வேலை. மைனஸ் இரண்டோ, பிளஸ் ஒன்றரையோ, எந்த மங்கலுக்கும் ஒரு வில்லை உண்டு என்று நம்பித்தான் இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். இதற்கு எந்த வில்லையும் கிடையாது. கண்ணில் கோளாறு இல்லை, கண்ணாடியில் கோளாறு இல்லை. அது மங்கலாகவே இருக்கிறது. மங்கலாகவே அவ்வளவு அழகாக இருக்கிறது.

அவள் கண்ணில் தண்ணீர் கோத்து, கண்ணாடிக்குள் எல்லாமே புகையாகிவிட்டது.

"என்னா தெரியுது?" என்று கேட்டான் ஸ்டீபன்ராஜ்.

பிரின்சி யோசித்தாள். அவசரப்படாமல், தெரிகிறதை மட்டும் சொல்லப் பார்த்தாள்.

"ஏதோ மூச்சு வுடற மாதிரி இருக்குதுங்க" என்றாள். "நீங்க பாருங்க. நான் சொல்றது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவன் கண்ணாடியை வாங்கிக்கொண்டு தேடத் தொடங்கினான். "எங்க... எங்க இருக்குது" என்று முனகிக்கொண்டே இருந்தவன், ஒரு இடத்தில் சட்டென்று பேச்சை நிறுத்தினான். தெய்வசிகாமணி மல்லாட்டைத் தோலை உரிப்பதை நிறுத்திவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார். மூவரில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது. அன்றைக்கு யாரும் போனை எடுக்கவும் இல்லை.